'வ'வுக்கு அடுத்து என்ன? – தமிழ் அகரவரிசையின் விளையாட்டுக் கதை

நண்பர்களே, ஒரு சின்ன சோதனை. யோசிக்காமல் பதில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் 'க்யூ'வுக்கு அடுத்த எழுத்து எது? 'ஆர்' என்று உடனே வந்திருக்கும். இப்போது தமிழில் 'வ'வுக்கு அடுத்த மெய்யெழுத்து எது?

பாதிப் பேர் இந்நேரம் "க ங ச ஞ ட ண..." என்று வாய்க்குள் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு இருப்பீர்கள். என் வகுப்பு நண்பர்களிடம் கேட்டபோதும் இதே கதைதான். ஒருவன் ராகத்தோடு பாடியே 'ழ'வுக்கு வந்து சேர்ந்தான் :-)

இதில் கவனிக்க வேண்டியது, யாருக்கும் எழுத்து தெரியாமல் இல்லை. வரிசையும் தெரியும். ஆனால் அந்த வரிசைக்குள் நடுவில் நுழையத் தெரியவில்லை. 'க'வில் ஏறினால்தான் 'ழ'வில் இறங்க முடிகிறது. ஏன் இப்படி என்று யோசித்தபோது, பிள்ளைகளுக்கு அகரவரிசையைக் காலங்காலமாகச் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் பதில் இருக்கிறது என்று பட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பிப்போம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் எழுத்துக் கற்றார்கள். (பிள்ளைகள் என்றால் பையன்கள். பெண் பிள்ளைகளுக்குப் பிறகு வருகிறேன்.) உ.வே.சாமிநாதையர் (1855–1942) 'என் சரித்திரம்' புத்தகத்தில் தான் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். முதலில் வந்து சேருகிறவனுக்கு 'வேத்தான்' என்று பட்டம். முந்தின நாள் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க வேண்டும். அதற்கு 'முறை சொல்லுதல்' என்று பெயர். மணல் கொண்டுவந்து பரப்பி அதில் விரலால் எழுத வேண்டும். வாத்தியாருக்கு உதவியாக ஒரு பெரிய பையன், சட்டாம்பிள்ளை.

மணலில் எழுதும்போது சும்மா எழுதுவதில்லை. எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். விரல், வாய், காது மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். எழுதியது தப்பானால் ஒரு தடவு, மணல் மறுபடி சுத்தம். காகிதமும் பலகையும் செலவு வைக்கிற ஊரில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அதற்குப் பிறகுதான் ஓலை, எழுத்தாணி, அரிச்சுவடி எல்லாம்.

சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும் முன் இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு ஊர் என்று வாத்தியார் பெயர்கள் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். இதைப் படித்ததும் எனக்கு நாம் சின்ன வயதில் விளையாடிய 'பெயர்-ஊர்-விலங்கு-பொருள்' ஞாபகம்தான் வந்தது. அதற்கும் பிறகு வருகிறேன்.

இந்த மணல் விளையாட்டு லண்டன் வரை போனது பலருக்குத் தெரியாது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-ல் சென்னையில் ஆண் அனாதைப் பிள்ளைகள் காப்பகத்துக்குப் பொறுப்பேற்றார். தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதை ஒரு நாள் பார்த்துவிட்டு, நம் பள்ளியிலும் செய்வோம் என்றார். அவரிடம் இருந்த ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. சரி என்று சுமார் எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்ன வகுப்புக்கு வாத்தியார் ஆக்கினார். அது வேலை செய்தது. 1797-ல் இதைப் புத்தகமாக எழுதினார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அவர் பணத்தில் உருவான ஸ்காட்லாந்துப் பள்ளி ஒன்றுக்கு இன்றைக்கும் பெயர் மதராஸ் காலேஜ்தான். நம் சட்டாம்பிள்ளையையும் மணலையும் வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏற்றிக் கொண்டுபோன அதே நூற்றாண்டில், திண்ணைப் பள்ளிகள் பழசு, உதவாது என்று இங்கே சொல்ல ஆரம்பித்தார்கள். அது வேறு கதை.

திண்ணைப் படிப்பைப் 'புரியாத உருப்போடல்' என்று ஒதுக்குவது சுலபம். அப்படி ஒதுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். நம் ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் செந்தில் பாபு 2022-ல் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகம் திண்ணைப் பள்ளிகளின் கணக்குப் பாடத்தைப் பற்றியது. நினைவில் வைப்பதையே ஒரு கற்கும் முறையாக அது பார்க்கிறது. எழுத்துக்கும் அது பொருந்தும். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: அந்த முறையில் கற்ற வரிசை எதற்குப் பயன்பட்டது?

ஆத்திசூடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஔவை எழுதிய 109 வரிகள். அது நீதி நூல் என்று எல்லோருக்கும் தெரியும். அது ஒரு எழுத்து விளையாட்டும்கூட. முதல் 12 வரிகள் உயிரெழுத்துகள், 13-வது ஆய்தம். 14-லிருந்து 31 வரை மெய் வரிசை, க முதல் ன வரை. இங்கேதான் சிக்கல். தமிழில் ட, ண, ழ, ள, ற, ன எழுத்துகளில் எந்தச் சொல்லும் தொடங்காது. ர, ல எழுத்துகளிலும் மரபுப்படி தொடங்கக் கூடாது. அப்போது அந்த வரிகளை எப்படி எழுதுவது? ஔவை ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த எழுத்தை இரண்டாவது இடத்தில் வைத்தார். 'ட'வுக்கு 'இடம்' என்று தொடங்கும் வரி. 'ழ'வுக்கு 'அழகு'. 'ள'வுக்கு 'இளமை'. 'ற'வுக்கு 'அறன்'. 'ங'வுக்கு மட்டும் அந்த எழுத்தின் வடிவத்தையே உவமையாக்கிவிட்டார். பிறகு க, ச, த, ந, ப, ம, வ வரிசைகள் உயிர்மெய்யாக விரியும்.

பாடிக்கொண்டே போனால் வரிசை தானாக மனதில் உட்காரும். அருமையான ஏற்பாடு. ஆனால் பாடிக்கொண்டேதான் போக வேண்டும்!

இதே புதுச்சேரியில் இருந்தபோதுதான் பாரதியார் 'புதிய ஆத்திசூடி' எழுதினார், 1914-ல் வெளிவந்தது. கருத்தில் அவர் ஔவையோடு எங்கே சண்டை போட்டார் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அவர் எழுத்துச் சிக்கலைத் தீர்த்த விதம். 'ர' வந்தால் ஔவை 'அரவம்' என்று சுற்றி வந்தார். பாரதி நேராக 'ரௌத்திரம்' என்று இறங்கிவிட்டார். ர, ல வரிசைகளுக்கு வடமொழிச் சொற்களைத் தாராளமாக எடுத்துக்கொண்டார். ட, ண, ழ, ள, ற, ன ஆறையும் மொத்தமாக விட்டுவிட்டார். ஒரே புதிருக்கு இரண்டு விடை. (என் ஓட்டு ஔவைக்குத்தான். 'ழ' இல்லாமல் என்ன தமிழ் வரிசை?)

சரி, பிள்ளை வரிசையைப் பாடக் கற்றுவிட்டது. ஒரு சொல்லின் பொருள் வேண்டும் என்றால் அந்தக் காலத்தில் என்ன செய்வார்கள்? நிகண்டு. நிகண்டில் அகரவரிசை கிடையாது. திவாகரத்தில் தெய்வப் பெயர்த் தொகுதி, மக்கட் பெயர்த் தொகுதி, விலங்கின் பெயர்த் தொகுதி, மரப் பெயர்த் தொகுதி, இடப் பெயர்த் தொகுதி, பல்பொருட் பெயர்த் தொகுதி என்று வகைவகையாக இருக்கும். மக்கள், விலங்கு, இடம், பொருள்... பார்த்தீர்களா? நம்முடைய 'பெயர்-ஊர்-விலங்கு-பொருள்' நான்கு கட்டமும் அப்படியே இருக்கிறது. திண்ணை வாத்தியார் சாயங்காலம் ஒரு பூ, ஒரு பறவை என்று சொல்லி அனுப்பியதும் இதே சாயல்தான். பொருளை வகைப்படுத்தி நினைவில் வைக்கும் பழக்கம்.

சூடாமணி நிகண்டு (16-ஆம் நூற்றாண்டு, மண்டல புருடர்) இன்னும் சுவாரசியம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் 11-ஆம் தொகுதியில் சொற்கள் எதுகைப்படி அடுக்கியிருக்கும். அதாவது இரண்டாவது எழுத்தை வைத்து: ககர எதுகை, ஙகர எதுகை என்று வரிசையாக. மனப்பாடம் செய்த செய்யுளைத் தேடும்போது எதுகைதான் கைப்பிடி. இன்றைய கணக்கில் சொன்னால் அது தேடல் வசதி. ஆனால் புத்தகத்தில் தேட அல்ல, மண்டைக்குள் தேட.

1594-ல் சிதம்பர ரேவண சித்தர் 'அகராதி நிகண்டு' செய்தார். சொற்களை முதலெழுத்தின் அகரவரிசைப்படி அடுக்கினார். 'அகராதி' என்ற பெயரே அங்கிருந்துதான் நமக்கு வந்தது. அதற்கு 10 வருடம் கழித்து, 1604-ல், இங்கிலாந்தில் ராபர்ட் காட்ரி என்பவர் ஆங்கிலத்தின் முதல் ஒருமொழி அகராதியை வெளியிட்டார். அதன் முன்னுரையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தப் புத்தகத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றால் முதலில் எழுத்து வரிசையைப் பார்க்காமல் சொல்லத் தெரிய வேண்டும். எந்த எழுத்து எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். 'ஏ'யில் தொடங்கும் சொல்லை முன்பக்கம் தேடு, 'வி'யில் தொடங்குவதைக் கடைசிப் பக்கம் தேடு என்று பெரியவர்களுக்கே பாடம் நடத்துகிறார். 400 வருடத்துக்கு முன் ஆங்கிலேயர்களுக்கும் நடுவில் நுழையத் தெரியாது என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல் :-)

அதற்கும் முன்னால், கி.பி. முதல் நூற்றாண்டிலேயே, ரோமானிய ஆசிரியர் குவிண்டிலியன் இதைத்தான் புலம்பியிருக்கிறார். வடிவம் தெரிவதற்கு முன் வரிசையை உருப்போட வைத்தால் பிள்ளைகள் எழுத்தைப் பார்ப்பதே இல்லை, வாய் முன்னால் ஓடிவிடுகிறது; அதனால்தான் ஆசிரியர்கள் பிறகு வரிசையைக் கலைத்துக் கலைத்துக் கேட்கிறார்கள் என்கிறார். தந்தத்தில் எழுத்து செய்து விளையாடக் கொடுப்பதை ஆதரிக்கிறார். வரிசையைச் சொல்லிக்கொடுப்பதில் பாதிதான் வரிசை. மீதிப் பாதி அதைக் கலைப்பது. அந்த இரண்டாவது பாதி நமக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் கட்சி.

தமிழில் அந்தத் தேவையை முழுதாகக் கொண்டுவந்தது அச்சும் பாதிரிமார்களும். 1679-ல் கேரளத்தின் அம்பழக்காட்டில் புரோயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சானது. 1732-ல் வீரமாமுனிவர் 'சதுரகராதி' முடித்தார்: பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. (கடைசிப் பகுதி எதுகைக்கானது, பழைய பழக்கத்தை அவரும் விடவில்லை.) ஓலையில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லாததால் எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு தெரியாது. 'எரி'யா 'ஏரி'யா என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அகராதி போடுகிறவருக்கு அது சரிப்படுமா? இரண்டும் வேறு வேறு இடத்தில் நிற்க வேண்டியவை. இன்று நாம் எழுதும் ஏ, ஓ வடிவங்களை வீரமாமுனிவரின் சீர்திருத்தம் என்று படித்திருப்போம். அகராதியும் அந்தச் சீர்திருத்தமும் ஒரே ஆளிடமிருந்து வந்தது தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

புதுச்சேரிக்கு வருவோம். முசே, துப்புய் என்ற இரண்டு பாதிரியார்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855-லும் 1862-லும் இரண்டு பாகமாக இங்கே அச்சானது. இந்தத் துப்புய் 1844-ல் இதே ஊரில் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார், பெண் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருவதற்காக. பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊர் நம்பிய காலம். அகராதி போடுகிறவரே அதைப் புரட்டப்போகிறவர்களையும் உருவாக்கப் பார்த்திருக்கிறார். புதுச்சேரியில் தமிழ்ப் பெண்கள் அரிச்சுவடி கற்ற கதையை எழுதுகிறவர்கள் இந்த 1844-ஐத் தாண்டிப் போக முடியாது.

பிறகு 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்து நான்காயிரம் சொற்களுக்கு மேல். இத்தனை பெரிய கட்டடம் எழும்பியும், அதற்குள் நுழைய வாசல் எது என்று தொடக்கப் பள்ளியில் சொல்லித்தரவில்லை. ஆத்திசூடியைப் பாடினோம், எழுத்தை எழுதினோம். சொல்லைத் தேடும் விளையாட்டு நமக்கு ஆங்கில வகுப்பில்தான் கிடைத்தது.

விளைவு என்ன? வகுப்பு வருகைப் பதிவேடு ஆங்கில வரிசை. தேர்வு எண் ஆங்கில வரிசை. நான் படிக்கும் வணிகவியலில் பழைய பேரேட்டின் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி வெட்டி எழுத்துப் போட்டிருக்கும், அதுவும் ஏ, பி, சி. தமிழ் வரிசை பாட்டாக மட்டும் மிஞ்சிவிட்டது. கணினியிலும் பாருங்கள்: யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியது இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு பட்டியலைப் பின்பற்றி. அதனால் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல ள ழ முடிந்த பிறகு வ. 'க்' என்பது 'க'வுக்கும் 'கௌ'வுக்கும் பின்னால் போகிறது. இன்றைய அகராதியில் 'அக்கா' முதலில், 'அகம்' பிறகு. வெறும் குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் இது தலைகீழாகும். தமிழ் வரிசை விதியைச் சேர்த்த மென்பொருள் சரியாகவே அடுக்கும். ஆனால் எது சரி என்று நமக்குத் தெரிந்தால்தானே தப்பைக் கண்டுபிடிக்க?

இத்தனைக்கும் ஏ, பி, சி வரிசைக்கு ஒரு காரணமும் கிடையாது. தமிழ் வரிசைக்கு உண்டு. க–ங, ச–ஞ, ட–ண, த–ந, ப–ம. ஒவ்வொரு ஜோடியும் வாய்க்குள் ஒரே இடத்தில் பிறக்கிற வல்லினமும் மெல்லினமும். தொண்டையில் ஆரம்பித்து உதட்டில் முடிகிறது. சொல்லிப் பாருங்கள், நாக்கு முன்னால் நகர்வது தெரியும். இது 10. பிறகு ய ர ல வ, வடமொழி வரிசையிலும் இதே ஒழுங்கு. அது 4. அந்த வரிசையில் இல்லாத ழ ள ற ன கடைசியில் 4. பத்து, நாலு, நாலு. முடிந்தது. இதை எனக்கு ஒன்றாம் வகுப்பில் யாராவது சொல்லியிருக்கலாம்.

தேங்காய்த்திட்டில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர், நான்காவது ஐந்தாவது படிக்கிறவர்கள், சாயங்காலம் என்னிடம் பாடம் கேட்க வருவார்கள். அவர்களிடம் இதைச் செய்து பார்த்தேன். பழைய காலண்டர் தாளை வெட்டி 18 மெய்யெழுத்து எழுதி ஆளுக்கு ஒன்று, இரண்டு கொடுத்தேன். கேள்வி ஒன்றுதான்: "உன் பக்கத்து வீட்டுக்காரர் யார்?" இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர். 'க'விலிருந்து பாடினால் ஆட்டம் அவுட். முதல் நாள் எல்லோருக்கும் உதடு அசைந்தது. ஜோடிகளைச் சொல்லிக்கொடுத்த பிறகு மூன்றாம் நாளே பாட்டு குறைந்துவிட்டது. அடுத்து கையடக்க அகராதியை வைத்து ஓட்டப்பந்தயம். சொல்லைச் சொன்னதும் புத்தகத்தை நடுவில் திறந்து, முன்னால் போகவா பின்னால் போகவா என்று மட்டும் சொல்ல வேண்டும். காட்ரி நடத்திய அதே பாடம்.

பிறகு 'பெயர்-ஊர்-விலங்கு-பொருள்', தமிழ் எழுத்தில். முதல் சுற்றிலேயே 'ழ' வந்து மாட்டிக்கொண்டது. "அண்ணா, இதுல எதுவும் ஆரம்பிக்காதே!" என்றார்கள். ஔவையின் விதியைச் சொன்னேன்: முதலெழுத்தாக வர முடியாத எழுத்து இரண்டாவதாக வரலாம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு யாழினி, கீழூர், கழுதை, கிழங்கு என்று வந்துவிட்டது. (கீழூர் என்றால் 1954-ல் பிரெஞ்சு இந்தியா இந்தியாவோடு சேர வாக்களித்த அதே கீழூர். சொன்ன பையனுக்கு அது தெரியாது, அவன் மாமா வீடு அங்கே.) 'ற' சுற்றில் 'எறும்பு' விலங்கா இல்லையா என்று பெரிய பஞ்சாயத்து. பறவையையே விலங்கின் பெயர்த் தொகுதியில் சேர்த்த திவாகரத்தை நினைத்துக்கொண்டு பத்து மார்க் கொடுத்தேன். 'ண' வந்ததும்தான் ஏமாற்றம். எங்கள் ஊர் அலையாத்திக் காட்டுச் சேற்றில் காலை வைத்துப் பழகிய பிள்ளைகள், எல்லோரும் ஒரே நேரத்தில் 'நண்டு' என்று எழுதிவிட்டார்கள். ஒரே விடை என்றால் ஆளுக்கு ஐந்துதான்.